நத்தை, கம்பளி உள்ளாடை, ஒரு காற்புள்ளி: சட்டப் படிப்பில் உண்மையில் எதைப் படிக்கிறோம்

"லா படிக்கணும்னா நிறைய மனப்பாடம் பண்ணணுமாமே?" சேருவதற்கு முன் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். மனப்பாடம் உண்டு. ஆனால் அதை நம்பிப் பிழைக்க முடியாது. இந்தியாவில் 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் இருந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து உட்கார்ந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொலைக்குத் தண்டனை சொன்ன 302 ஆம் பிரிவு ஒரே நாளில் 103 ஆனது. மோசடிக்கான 420, 318-க்குள் போய்விட்டது. (இனி யாரையாவது ஃபோர் ட்வென்ட்டி என்று திட்டினால் அது காலாவதியான வசவு.) எண்களை மட்டும் மனதில் ஏற்றி வைத்திருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கொலைக்கும், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்தவர்களுக்கு அது புது எண்களைப் பழகும் வேலை, அவ்வளவுதான்.

மூன்றோ ஐந்தோ ஆண்டு செலவழித்துப் பழகுவது அந்தக் கோட்டைப் பார்க்கத்தான். ஒருவர் வந்து கொட்டும் முப்பது சங்கதிகளில் சட்டத்துக்கு வேண்டியது எது, வெறும் கதை எது என்று பிரிப்பது. பரீட்சை கேட்பது அதைத்தான். கட்சிக்காரர் காசு கொடுப்பதும் அதற்குத்தான்.

ஒரு தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால்

ஆங்கிலேய மரபில் வந்த எந்த நாட்டில் சட்டம் படித்தாலும் முதலாண்டிலேயே வந்து நிற்கும் வழக்கு, டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன். 1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு கஃபே. தோழி ஒருத்தி காசு கொடுத்து டோனஹியூவுக்கு ஐஸ்கிரீமும் இஞ்சி பீரும் வாங்கித் தருகிறாள். உள்ளே இருப்பது தெரியாத கறுத்த பாட்டில். பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது, குடித்தவருக்கு உடம்பு கெட்டது என்பது புகார். கடைக்காரரோடு ஒப்பந்தம் செய்தது தோழி. தயாரிப்பாளர் ஸ்டீவன்சனோடு இவர்கள் யாருக்குமே ஒப்பந்தம் இல்லை. அப்படியானால் தயாரிப்பாளர் மேல் வழக்கு போட முடியுமா? முடியும் என்று 1932 மே 26 அன்று, அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்.

புதிதாகப் படிப்பவரின் நோட்டில் நத்தை இருக்கும், ஐஸ்கிரீம் இருக்கும், வயிற்றுவலி இருக்கும். எது முக்கியம் என்று இருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: ஒவ்வொரு சங்கதியாக மாற்றிப் பாருங்கள், முடிவு மாறுகிறதா என்று. நத்தைக்குப் பதில் கண்ணாடித் துண்டு? முடிவு அதேதான். ஐஸ்கிரீமே இல்லை? அதேதான். தோழிக்குப் பதில் அவரே காசு கொடுத்திருந்தால்? கடைக்காரர் மேல் ஒப்பந்த வழி திறந்திருக்கும், இந்தச் சிக்கலான வழியே தேவைப்பட்டிருக்காது. பாட்டில் மூடி திறந்து, கண்ணாடி தெளிவாக இருந்திருந்தால்? நடுவில் யாராவது பார்த்துத் தடுத்திருக்க முடியும். இங்கே முடிவு ஆட்டம் காண்கிறது. ஆக, தூக்கிப் பிடிக்க வேண்டிய சங்கதி நத்தை அல்ல, பாட்டில்.

அடுத்த படி இன்னும் சுவாரஸ்யம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு டாக்டர் கம்பளி உள்ளாடை வாங்குகிறார். துணியில் சல்ஃபைட் மிச்சம் நின்று, தோல் அழற்சி வந்து மாதக்கணக்கில் படுக்கை. தயாரிப்பாளர் தரப்பு வாதம்: உள்ளாடை ஒன்றும் மூடி போட்ட பாட்டில் அல்ல, கடையில் பிரித்துத்தான் விற்கிறார்கள். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. பிரித்துப் பார்த்தாலும் சல்ஃபைட் கண்ணுக்குத் தெரியாது, குறை அப்படியே வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்தது என்றது. இப்போது முதல் வழக்கின் முக்கியச் சங்கதியே வேறு உருவம் எடுக்கிறது: "மூடிய பாட்டில்" என்பது "நடுவில் யாரும் கண்டுபிடிக்க வாய்ப்பில்லாத குறை" ஆகிறது. ஒரு முன்தீர்ப்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பின்னால் வரும் தீர்ப்புகள்தான் சொல்கின்றன. அதனால்தான் ஒரு வழக்கை மட்டும் தனியாகப் படிப்பது அரைப் படிப்பு.

இந்த வழக்கைப் பற்றி விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பிழைகள். ஒன்று, "நத்தை இருந்தது என்று நீதிமன்றம் கண்டது" என்று எழுதுவது. நீதிமன்றம் அப்படி எதையும் காணவில்லை. புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி வழக்கு நிற்குமா என்ற ஒரே கேள்விதான் மேலே போனது. பிறகு விஷயம் சமரசத்தில் முடிந்தது. நத்தை கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் மேல்முறையீட்டுக்கு வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் படித்தால் இப்படித்தான் ஆகும். இரண்டாவது, தீர்ப்பு எழுதிய நீதிபதிகளில் ஒருவரான லார்டு அட்கினின் "அயலார்" கோட்பாட்டை (நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது) மட்டும் எழுதிவிட்டு அதுவே தீர்ப்பின் அடிப்படை என்று முடிப்பது. அது அவர் வரைந்த பெரிய வட்டம். வழக்கு முடிவுக்குத் தேவைப்பட்ட சின்ன வட்டம், தயாரிப்பாளருக்கும் கடைசியில் பயன்படுத்துபவருக்கும் இடையிலான கடமை. ரேஷியோ (முடிவைத் தாங்கி நிற்கும் காரணம்) எது, போகிற போக்கில் சொன்னது எது என்று கேட்கிற கேள்வி இந்த இரண்டு வட்டத்துக்கும் இடையில்தான் கிடக்கிறது.

குறிப்பு எடுக்கும்போது ஒரு தீர்ப்புக்கு ஒரு பக்கம் போதும். நீதிமன்றம், ஆண்டு. யார் யார்மேல். எந்தக் கட்டம். முக்கியச் சங்கதிகள், ஐந்துக்கு மேல் வேண்டாம். கேள்வி, ஒரே வாக்கியத்தில். முடிவும் காரணமும். மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் இரண்டு வரி. மாறுபட்டதை விட்டுவிடுகிறார்கள், அது நஷ்டம்: எதிர்த்தரப்பு வாதம் முழுவதும் அங்கே பட்டுத் துணியில் சுற்றித் தயாராக இருக்கிறது. நீதிபதிகள் தனித்தனியாக எழுதியிருந்தால் எந்தக் காரணத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முடிவில் ஒன்றாக இருந்துவிட்டு காரணத்தில் பிரிந்திருப்பார்கள். ஆரம்பத்தில் இருபது பக்கத் தீர்ப்புக்கு மூன்று மணி நேரம் பிடித்தால் பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் பிடிக்கும்.

தொகுப்பில் தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக வரும் தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவது கூடாது. அது தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியது அல்ல. மேற்கோளில் ஆண்டு சதுர அடைப்புக்குறியில் இருக்கிறதா வளைவில் இருக்கிறதா என்பதும் அலங்காரம் இல்லை. ஆங்கிலேய முறையில் சதுரம் என்றால் அந்த ஆண்டை வைத்துத்தான் தொகுதியைத் தேட வேண்டும். வளைவு என்றால் தொகுதி எண் தனியாக ஓடுகிறது, ஆண்டு சும்மா தகவலுக்கு. உள்ளாடை வழக்கின் தீர்ப்பு வந்தது 1935 அக்டோபரில், ஆனால் தொகுப்பில் 1936-ல் தேடினால்தான் கிடைக்கும்.

மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி

பரீட்சையில் பிரச்சினைக் கேள்வி என்று ஒரு கதை கொடுப்பார்கள். 1880-ல் முடிந்த பெர்ன் எதிர் வான் டீன்ஹோவன் வழக்கையே எடுத்துக்கொள்வோம், கேள்வித்தாளுக்கென்றே செய்தது போல இருக்கும். அக்டோபர் 1 அன்று கார்டிஃபிலிருந்து நியூயார்க்குக்குக் கடிதம்: ஆயிரம் பெட்டி தகரத் தகடு தருகிறோம். 8 ஆம் தேதி மனம் மாறி, வாபஸ் என்று இன்னொரு கடிதம். முதல் கடிதம் 11 ஆம் தேதி போய்ச் சேர, அன்றே தந்தியில் சம்மதம். வாபஸ் கடிதம் கிடைத்தது 20 ஆம் தேதி. ஒப்பந்தம் உண்டா?

மோசமான விடை இப்படித் தொடங்கும்: "ஒப்பந்தம் என்பது சட்டத்தால் செயல்படுத்தக்கூடிய உடன்பாடு. அதன் இன்றியமையாக் கூறுகளாவன..." பிறகு ஒன்றரைப் பக்கம் மறுபயன், தகுதி, சுதந்திரச் சம்மதம். ஒன்றும் தப்பில்லை, மதிப்பெண்ணும் இல்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டுகிற விடை அது.

நல்ல விடையின் முதல் வாக்கியமே கழுத்தைப் பிடிக்கும்: 8 ஆம் தேதி தபாலில் போட்ட வாபஸ் எந்தத் தேதியில் பலன் பெறுகிறது? 8 என்றால் ஒப்பந்தம் இல்லை, 20 என்றால் உண்டு. அடுத்து விதி: வாபஸ் எதிராளிக்குத் தெரிய வந்தால்தான் செல்லும், ஏற்போ (சம்மதம்) அனுப்பிய மாத்திரத்தில் நிறைவேறிவிடும் (இதைத் தபால் விதி என்பார்கள்) என்று 1818-ன் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் முதல் நிற்கிறது. அடுத்து பொருத்தம்: 11 ஆம் தேதி சம்மதம் அனுப்பியபோது வாபஸ் இன்னும் கைக்கு வரவில்லை, ஆகவே முன்மொழிவு உயிரோடு இருந்தது, ஆகவே 11 ஆம் தேதியே ஒப்பந்தம். பெரும்பாலானவர்கள் விதியை எழுதிவிட்டு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் இருக்கும் இந்த "ஏனென்றால்"களுக்குத்தான் மதிப்பெண்.

கேள்வி தயாரிப்பவர் சும்மா இருக்க மாட்டார், ஒரு சங்கதியைத் திருப்புவார். தந்திக்குப் பதில் உடனுக்குடன் போகும் செய்தி என்றால்? 1955-ன் என்டோரஸ் வழக்கு: டெலக்ஸில் (தட்டிய செய்தி உடனே மறுமுனையில் அச்சாகும் கருவி) அனுப்பிய ஏற்பு, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் நிறைவேறும். "15 ஆம் தேதிக்குள் பதில் என் கைக்கு வர வேண்டும்" என்று முன்மொழிவிலேயே எழுதியிருந்தால்? தபால் விதி அங்கே நடக்காது, 1974-ன் ஹோல்வெல் வழக்கு. இந்தியச் சட்டம் பொருந்தும் என்றால்? அங்கே முதலில் திறக்க வேண்டியது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 4, 5 பிரிவுகளை. ஏற்பைத் தபாலில் போட்டவுடன் முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். ஏற்றவரோ, அது எதிராளிக்குத் தெரிய வரும்வரை தன் ஏற்பை வாபஸ் வாங்கலாம். ஆங்கிலேயப் பாடநூலை அப்படியே இறக்கிவைத்தவர் இங்கே சறுக்குவார். சட்டப்பிரிவு இருந்தால் அதுதான் முதலில், தீர்ப்பெல்லாம் அப்புறம்.

நேரக் கணக்கு: ஐந்து கேள்வி என்றால் தலைக்கு 36 நிமிடம். அதில் ஏழெட்டு நிமிடம் பேனாவைத் தாளில் வைக்காமல் கதையைப் படித்து, தேதிகளைக் கோட்டில் அடுக்கி, யார் யாரிடம் என்ன கேட்க முடியும் என்று குறித்துக்கொள்ளப் போகட்டும். நான்கை அமர்க்களமாக எழுதிவிட்டு ஐந்தாவதை விடுவதுதான் பெரிய இழப்பு. 20-க்கு 13 வாங்கிய விடையை 15 ஆக்குவது கஷ்டம். ஒன்றுமே இல்லாத தாளில் 8 வாங்குவது சுலபம்.

இன்னொன்று. அரசமைப்புச் சட்டத்தையும் குற்றவியலையும் ரசித்துப் படிப்பவர்கள் நடைமுறைச் சட்டங்களையும் சாட்சியச் சட்டத்தையும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். சோறு போடுவது அவைதான். வழக்கு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் காலவரம்பு தாண்டிவிட்டால் உள்ளே நுழையவே முடியாது. ஒரு புது வழக்குக் கட்டு கைக்கு வந்தால், யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதற்கு முன் கடைசித் தேதி எது என்று கணக்குப் போடுவதுதான் முதல் வேலை. நாள் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் தகராறே இருக்கும்: ஒப்பந்தம் மீறிய நாளா, அது தெரியவந்த நாளா?

பட்டம் வேறு, உரிமம் வேறு

இதைச் சேரும்போதே புரிந்துகொள்ளாமல் பிறகு அவஸ்தைப்படுகிறவர்கள் உண்டு. இந்தியாவில் பள்ளி முடித்து ஐந்தாண்டு அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு படிக்கலாம்; ஆனால் கோர்ட்டில் ஏறி வாதாட, 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு வேண்டும், அகில இந்திய பார் தேர்வு வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனையும் ஆவண வேலையும் பார்க்கும் வக்கீல்) ஆவதற்கு 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தேர்வும் இரண்டாண்டு வேலை அனுபவமும். பாரிஸ்டர் (முக்கியமாக நீதிமன்றத்தில் வாதாடுபவர்) என்றால் ஓராண்டு பயிற்சி, அதற்கு இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஜெர்மனியில் இரண்டு அரசுத் தேர்வு, நடுவே ஏறத்தாழ இரண்டாண்டுப் பயிற்சி. அமெரிக்காவில் ஜே.டி. என்ற சட்டப் பட்டமே வேறொரு பட்டத்துக்குப் பின் படிக்கும் மூன்றாண்டு, பார் தேர்வு மாநிலத்துக்கு மாநிலம்.

ஆகவே கல்லூரியின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன், எந்த நாட்டில் தொழில் செய்ய நினைக்கிறீர்களோ அந்த நாட்டு உரிமம் தரும் அமைப்பு இந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று அதன் விதியிலேயே பார்த்துவிட வேண்டும். தபால் வழி, ஆன்லைன் வழிப் பட்டங்களில் இது பெரிய பொறி: படிப்பு செல்லும், பதிவு கிடைக்காது. நீதிபதி ஆசை உள்ளவர்களும் விதி மாறுவதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் கீழமை நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு தொழில் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, கல்லூரி முடித்த கையோடு தேர்வு எழுதும் கணக்கெல்லாம் தலைகீழாகிவிட்டது.

வேலை என்று வரும்போது

எல்லோர் மனதிலும் முதலில் வருவது நீதிமன்றம்தான். நீதிபதி முன் பேசக் கிடைப்பது மூன்று நிமிடம் என்றால் அதற்குப் பின்னால் மூன்று மணி நேர வாசிப்பு இருக்கும். ஜூனியரின் பொழுது தேதிவாரிப் பட்டியல் தயாரிப்பதில், பக்க எண் போடுவதில், வாய்தா நோட்டைச் சரியாக வைத்திருப்பதில், நகல் மனு போடுவதில் போகும். சில்லறை வேலை என்று நினைக்கக் கூடாது. நன்றாகச் செய்த தேதிவாரிப் பட்டியலே பாதி வாதம். முதல் சில ஆண்டுகள் வருமானம் மெலிந்திருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. வழக்கு வருவது பழைய கட்சிக்காரரும் சக வக்கீலும் கைகாட்டுவதால். அந்தக் கைகள் சேர ஆண்டுகள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

எழுத்தில் பிடிப்பு உள்ளவர்களுக்கு வரைவு வேலை: கம்பெனி ஒப்பந்தங்கள் ஒரு பக்கம், அரசுக்குச் சட்டம் வரைவது இன்னொரு பக்கம். ஒரு காற்புள்ளி என்ன செய்யும் என்பதற்கு ஓக்ஹர்ஸ்ட் பால் பண்ணை வழக்கு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டத்தில், கூடுதல் நேரச் சம்பளம் கிடையாத வேலைகளின் பட்டியல் ஒன்று. அதன் கடைசித் துண்டை இரண்டு மாதிரி படிக்கலாம்: அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ "பேக் செய்தல்" என்று ஒரே வேலையா, இல்லை "பேக் செய்தல்", "விநியோகம் செய்தல்" என்று இரண்டு வேலையா? கூடுதல் நேரச் சம்பளம் கேட்டு வழக்கு போட்ட பண்ணை டிரைவர்கள் பேக் செய்வதில்லை, விநியோகம் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே காற்புள்ளி போட்டிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம். "30 நாளுக்குள் சரக்கு தரப்படும்" என்ற வாக்கியத்தைப் பார்த்தவுடன் எந்த நாளிலிருந்து, விடுமுறை சேர்ந்தா சேராமலா, கடைசி நாள் ஞாயிறு என்றால் என்று மனம் தானாகக் கேட்கிறதா? அப்படியானால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். கேட்காவிட்டால் ஒப்பந்தத்தின் ஐம்பதாவது பக்கத்தில் கண் செருகும்.

கம்பெனிக்கு உள்ளேயே சட்ட அதிகாரியாக இருப்பது இதற்கு நேர்மாறான குணம் கேட்கும். அங்கே பத்துப் பக்கக் கருத்துரை யாருக்கும் வேண்டாம். செய்யலாமா, கூடாதா, செய்தால் என்ன ஆபத்து என்று அரைப் பக்கத்தில் சொல்ல வேண்டும். வெளியே பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கே இது சட்டென்று வசப்படுவதில்லை.

மற்றவை சுருக்கமாக. நாடு தாண்டிய வணிகத் தகராறுகள் நடுவர் மன்றத்துக்குப் போவதற்குப் பெரிய காரணம், 1958 நியூயார்க் உடன்படிக்கை. அதில் சேர்ந்த 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடுவர் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ள வழி உண்டு. காப்புரிமை வரைவுக்குப் பல நாடுகளில் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் தேவை, சட்டப் பட்டம் மட்டும் போதாது. வரி, வங்கி விதிமுறை இணக்கம், அரசுத் தரப்பு வழக்கு நடத்துதல், சட்ட உதவி மையம், நீதிபதியின் ஆய்வு உதவியாளர் எல்லாம் உண்டு. கற்பிக்க நினைத்தால் முதுகலை, பிறகு ஆய்வு என்று தனிப்பாதை.

எந்தப் பக்கம் போனாலும் விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்பார்கள். இருபது பக்கக் கல்லூரிக் கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரே கேள்வியை எடுத்து ஐந்து பக்கத்தில் முடித்தது போதும். அதில் வரும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தைத் திறந்து, அந்தப் பத்தியைக் கண்ணால் பார்த்த பிறகே வைக்க வேண்டும். 2023-ல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே மனுவில் போட்டார்கள். அப்படி வழக்குகளே கிடையாது. அபராதம் 5,000 டாலர். தீர்ப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகும் வேலை முடியவில்லை: மேல் நீதிமன்றம் அதைப் பின்னால் மாற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மேற்கோள் காட்டும் வரி பெரும்பான்மைத் தீர்ப்பில் இருக்கிறதா மாறுபட்ட தீர்ப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனையில் தவறுகிறவர்கள் நிறைய.